"வயசாயிட்டுல்லா": ஒரு சிறுநீரக நோய் கண்டுபிடிக்கப்பட்ட கதை

ஓட்டப்பிடாரம்னு சொன்னதும் உங்களில் பாதிப் பேருக்கு வ.உ.சி. ஞாபகம் வந்திருக்கும். 1872 செப்டம்பர் 5, அவர் பிறந்த ஊர். மீதிப் பேருக்குப் பக்கத்திலிருக்கிற பாஞ்சாலங்குறிச்சியும் கட்டபொம்மனும். பள்ளிக்கூடப் புத்தகம் நமக்கு அந்த ஊரை அவ்வளவுதான் காட்டியிருக்கு. இன்றைக்கு நான் பேசப்போவது விடுதலைப் போராட்டம் இல்லை, ஒரு நோயின் வரலாறு. ஆனால் அந்தப் பக்கத்து டீக்கடையிலயும் மெடிக்கல் ஷாப் வாசலிலும் தினமும் காதில் விழுகிற ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் இதைத் தொடங்கணும்: "வயசாயிட்டுல்லா, அப்படித்தான் இருக்கும்."

எழுபது வயசு சம்சாரி ஒருத்தரை நினைச்சுக்கோங்க. மானாவாரிக் கரிசலில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் போட்டு வாழ்ந்தவர். ரெண்டு மாசமா அசதி. மூட்டுக்கு மூட்டு வலி. சாயங்காலமானா லேசா காய்ச்சல். சோறு இறங்கல, சாரம் இடுப்பில் நிக்கல. மூத்திரம் நுரை கட்டுது, சில நாள் டீ டிக்காஷன் நிறத்தில் போகுது. இதில் எதைச் சொன்னாலும் ஒரு பதில் தயாரா இருக்கு. அசதிக்கு வயசு. வலிக்கு வாதம். மூத்திர நிறத்துக்கு வெயில், தண்ணி குடிக்காதது. காய்ச்சலுக்கு ஒரு ஊசி. தனித்தனியா எடுத்தால் எல்லாப் பதிலும் நியாயமானதுதான். அதுதான் சிக்கலே. இவை எல்லாம் ஒரே நோயாகவும் இருக்கலாம், அப்படி இருந்தால் சில வாரங்களில் ரெண்டு சிறுநீரகமும் போயிடும்.

அந்த நோயின் பெயர் ஆன்கா வாஸ்குலைட்டிஸ். தமிழில் "சிறு ரத்தக்குழாய் அழற்சி" என்று சொல்லலாம். கிருமி எதுவும் காரணமில்லை. நம் உடம்பைக் காக்கிற எதிர்ப்புச் சக்தியே நம் ரத்தக்குழாய்களின் மேல் பாயுது. ஏன் சிறுநீரகம்? ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் வடிகட்டிகள் இருக்கு. ஒவ்வொரு வடிகட்டியும் தலைமுடியைவிட மெல்லிய ரத்தக்குழாய்களின் ஒரு சின்ன முடிச்சு. சிறு குழாய்களைத் தாக்குகிற நோய்க்கு இதைவிட வசதியான இடம் வேறில்லை. இது எல்லா வயதிலும் வரும். ஆனால் அதிகமா வருவது அறுபது, எழுபதுகளில். அதாவது நாம எல்லாத்துக்கும் "வயசு"ன்னு சொல்லத் தொடங்குகிற அதே வயசில்.

கதையை ஒரு கரண்டியிலிருந்து தொடங்குவோம். லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் ரிச்சர்ட் பிரைட் என்று ஒரு மருத்துவர். கால் வீங்கி வருகிற நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திக்கு மேலே காட்டுவார். சிலருடையது முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரிஞ்சுபோகும். அது புரதம். அந்த நோயாளிகள் இறந்தபிறகு உடலைத் திறந்து பார்த்தால் சிறுநீரகம் கெட்டிருக்கும். 1827இல் இதை எழுதினார். அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கும் மேலே, சிறுநீரில் புரதம் போகிற எல்லாமே "பிரைட் நோய்"தான். உள்ளே பத்துப் பதினைந்து வேறு வேறு நோய்கள் ஒரே பெயருக்குள் ஒளிஞ்சிருந்தது அப்போது யாருக்கும் தெரியாது.

1865. ஜெர்மனியில் ஃப்ரைபுர்க் நகரம். கார்ல் ஸாய்ஃபார்ட் என்ற 27 வயசுத் தையல் தொழிலாளி ஆஸ்பத்திரிக்கு வர்றார். தன் காலால் நடந்து, படியேறி வந்தவர். பார்த்தவர் அடால்ஃப் குஸ்மால். காய்ச்சல், தசைவலி, கைகால் மரத்துப்போகுது, சிறுநீரில் புரதம். நாளுக்கு நாள் பலம் இறங்கி, ஏறக்குறைய ஒரு மாசத்தில் இறந்துபோனார். நோய்க்கூறு மருத்துவர் ருடால்ஃப் மையர் உடலைத் திறந்தார். ரத்தக்குழாய்கள் நெடுக, கயிற்றில் முடிச்சுப் போட்ட மாதிரி சின்னச் சின்னக் கணுக்கள். முதலில் ஏதோ புழு என்றுகூட நினைச்சாங்க. நுண்ணோக்கியில் பார்த்தால் புழு இல்லை, ரத்தக்குழாயின் சுவரே அழன்று வீங்கியிருந்தது. 1866இல் ரெண்டு பேரும் எழுதிய கட்டுரையின் நீண்ட தலைப்பிலேயே பிரைட் நோயும் வருது. ரத்தக்குழாய் அழற்சி மருத்துவத்துக்குள் நுழைந்தபோதே சிறுநீரகத்தையும் கையில் பிடிச்சுக்கிட்டுத்தான் நுழைந்தது.

அடுத்து 1936. வ.உ.சி. தூத்துக்குடியில் கண்மூடிய வருஷம். அதே வருஷம் ஜெர்மனியில் ஃபிரெட்ரிக் வெகனர் என்ற இளம் மருத்துவர் மூணு நோயாளிகளைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசினார். மூக்கு, தொண்டை, நுரையீரல், சிறுநீரகம் எல்லாம் சேர்ந்து தாக்கப்பட்டவர்கள். 1939இல் விரிவாக எழுதினார். நோய்க்கு அவர் பெயரே நிலைச்சுப்போச்சு. பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் அந்தப் பெயரை மனப்பாடம் செய்தாங்க. பிறகுதான் அவர் நாஜிக் கட்சியில் இருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. 2011இல் சர்வதேசச் சிறுநீரக, மூட்டுநோய் சங்கங்கள் அந்தப் பெயரை மாற்றி, திசுவில் என்ன நடக்குதோ அதைச் சொல்கிற ஒரு பெயரை வைத்தன. புதுப்பெயர் வாயில் நுழையாதது. ஆனாலும் மாற்றியது சரிதான் என்பது என் கட்சி. பழைய பெயர் இன்னும் நிறைய ரிப்போர்ட்டுகளில் இருக்கு. உங்கள் வீட்டில் யாருக்காவது அப்படி எழுதியிருந்தால் ரெண்டும் ஒரே நோய்தான், குழம்ப வேண்டாம்.

வெகனர் சொன்ன வகையில் மூக்கும் நுரையீரலும் காட்டிக்கொடுக்கும். இன்னொரு வகை இருக்கு, அது பெரும்பாலும் சத்தமில்லாமல் சிறுநீரகத்தை மட்டும் தின்னும். 1948இல் மான்செஸ்டரில் டேவ்சன், பால், பிளாட் மூணு பேரும் அதைப் பிரித்துக் காட்டினாங்க. கண்ணுக்குத் தெரிகிற கணு எதுவும் இல்லை, நுண்ணோக்கியில் மட்டுமே தெரிகிற சேதம். வயசானவர்களிடம் அதிகம் தவறவிடப்படுவது இந்த வகைதான்.

அந்தக் காலத்தில் இது வந்தால் என்ன ஆகும்? 1958இல் வால்டன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் வெகனர் நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்தார். சராசரியா 5 மாசம். ஒரு வருஷத்துக்குள் 82 சதவீதம் பேர் இறந்திருந்தாங்க. இன்றைக்குப் பல புற்றுநோய்கள் இதைவிடச் சாது.

இதை மாற்றிய மருந்தின் பூர்வீகம் கொஞ்சம் திகைப்பூட்டும். மஸ்டர்ட் வாயு, முதல் உலகப்போரில் வீரர்களைக் கொப்பளிக்க வைத்துக் கொன்ற ரசாயன ஆயுதம். அது ரத்த வெள்ளணுக்களையும் அழிக்குதுன்னு மருத்துவர்கள் கவனித்தாங்க. அப்படியானால் வெள்ளணு பெருகுகிற புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்க்கலாமே? 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அதன் உறவுக்கார ரசாயனம் ஒன்றை முதன்முறையா நோயாளிக்குச் செலுத்தினாங்க. அந்த வம்சத்தில் 1950களில் ஜெர்மனியில் உருவான பிள்ளைதான் சைக்ளோபாஸ்பமைடு. வெள்ளணுக்கள் தப்பான திசையில் பாயுது என்றால் அவற்றை அடக்குகிற மருந்து இந்த நோய்க்கும் உதவணும், இல்லையா? அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ரெண்டு பேர் இதை முறையாகச் செய்து பார்த்தாங்க. ஒருவர் ஷெல்டன் வுல்ஃப். இன்னொருவர் பெயரைக் கேட்டால் சிரிப்பீங்க: அந்தோணி ஃபவுச்சி. ஆமா, கோவிட் நேரத்தில் டிவியில் தினமும் பார்த்த அதே ஃபவுச்சி. 1983இல் அவர்கள் குழு வெளியிட்ட கணக்கில் 85 நோயாளிகளில் 79 பேருக்கு நோய் முழுசா அடங்கியிருந்தது. ஐந்து மாசத்தில் சாவு என்றிருந்த நோய்! ஆனால் மருந்து இலவசமா வேலை செய்யலை. கிருமித்தொற்று, சிறுநீர்ப்பையில் ரத்தக்கசிவு, வருஷங்கள் கழித்துப் புற்றுநோய். அந்தச் சமயத்தில் மாத்திரையை நோய் அடங்கிய பிறகும் ஒரு வருஷம் தொடர்ந்து கொடுத்தாங்க. அதற்கப்புறம் வந்த நாற்பது வருஷ ஆராய்ச்சியை ஒரே வரியில் சொல்லிடலாம்: இதே பலனைக் குறைவான விஷத்தில் எப்படி வாங்குவது?

மருந்து கிடைத்துவிட்டது. நோயைக் கண்டுபிடிப்பது? அதுதான் பெரிய ஓட்டை. ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. சந்தேகப்பட்டு, திசு எடுத்துப் பார்த்தால்தான் உண்டு. 1982இல் ஆஸ்திரேலியாவில் டேவிஸ் என்பவரின் குழு, சிறுநீரக வடிகட்டி அழிந்துகொண்டிருந்த 8 நோயாளிகளின் ரத்தத்தில் ஒரு விசித்திரமான எதிரணுவைப் பார்த்தது. அது கிருமியைத் தேடிப் போகலை; நம் சொந்த வெள்ளணுக்களில் ஒட்டியது. கொசு பரப்புகிற ராஸ் ரிவர் வைரஸ் காரணமா இருக்கலாம்னு அவர்கள் நினைச்சாங்க. அந்த ஊகம் நிக்கலை, கண்டுபிடிப்பு நின்றது. 1985இல் ஹாலந்தும் டென்மார்க்கும் சேர்ந்த குழு, வான் டெர் வூடெ தலைமையில், இந்த எதிரணு வெகனர் நோயின் அடையாளம் என்று லான்செட்டில் எழுதியது. 1988இல் அமெரிக்காவில் ஃபால்க், ஜெனட் ரெண்டு பேரும் சிறுநீரகத்தை மட்டும் தாக்குகிற வகையிலும் இதன் இன்னொரு வடிவத்தைக் கண்டுபிடித்தாங்க. அந்த எதிரணுவின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்தான் ஆன்கா.

அது என்ன செய்யுதுன்னு புரிய கோவில்பட்டிக்குப் போவோம். தீப்பெட்டி ஊர். தீக்குச்சியின் மருந்து குச்சித் தலையில் இருக்கு, உரசுகிற மருந்து பெட்டியின் பக்கவாட்டில் இருக்கு. ரெண்டும் சேராத வரைக்கும் குச்சி சட்டைப் பையில் பத்திரமா இருக்கும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவும் அப்படித்தான். கிருமியை எரிக்கிற ரசாயனத்தைச் சின்னப் பைகளில் கட்டி எடுத்துக்கிட்டு ரத்தத்தில் அலையும். ஆன்கா போய் ஒட்டும்போது, கிருமியே இல்லாத இடத்தில் குச்சி உரசப்படுது. வெள்ளணு ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டி அங்கேயே வெடிக்குது. சுவர் கிழிந்து, சிறுநீரக வடிகட்டிக்குள் அணுக்கள் பிறை வடிவத்தில் குவியும். அந்தப் பிறைகள் நாளடைவில் தழும்பாகும். தழும்பான வடிகட்டி திரும்பி வராது. வாரக்கணக்கில் அவசரம் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். இந்தியாவில் முதல் டயாலிசிஸ் 1960களின் தொடக்கத்தில் வேலூர் சி.எம்.சி.யில் நடந்தது. நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சையும் அங்கேதான், 1971இல். வேலூர் எங்கே, கரிசல் எங்கே. தென்கோடியில் மதுரை மருத்துவக் கல்லூரி 1954, திருநெல்வேலி 1965. தூத்துக்குடிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2000இல்தான். ஃபவுச்சி அமெரிக்காவில் 85 பேரை எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் ஓட்டப்பிடாரத்துப் பெரியவர் ஒருவருக்கு இந்த நோய் வந்திருந்தால், அது "உப்புநீர்", "கைகால் வீக்கம்", "கிழத்தனம்" என்ற பெயர்களில் ஏதோ ஒன்றில் முடிந்திருக்கும். எத்தனை பேருக்கு அப்படி முடிந்ததோ.

வயசானவர்களின் சிறுநீரகம் அந்தக் காலத்தில் பொதுவெளியில் பேசப்பட்டது ரெண்டு பெரிய மனிதர்களால். முதலாமவர் ஜெயபிரகாஷ் நாராயண். எமர்ஜென்சியில் 1975 ஜூனில் கைதாகி, சண்டிகரில் காவலில் இருந்தபோது சிறுநீரகம் செயலிழந்தது. நவம்பரில் விடுதலையாகி பம்பாய் ஜஸ்லோக் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அவருக்கு வயசு 73. அவருக்கு வைத்தியம் பார்த்த சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி. டயாலிசிஸ் எந்திரம் வாங்க மக்கள் பணம் அனுப்பினாங்க. அந்த எந்திரத்தின் துணையோடுதான் 1977 தேர்தலில் எதிர்க்கட்சிகளை ஒன்றுசேர்த்து நிறுத்தினார். 1979 அக்டோபர் வரை உயிரோடிருந்தார். எழுபத்து மூணு வயசுக்காரருக்கு டயாலிசிஸ் எதுக்குன்னு அன்றைக்கு யாரும் கேட்கலை.

ரெண்டாமவரைச் சொல்லவே வேண்டாம். 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அப்பல்லோவில் சேர்ந்தார். 67 வயசு. அங்கிருந்து நியூயார்க் புரூக்ளின், டிசம்பரில் அண்ணன் மகள் லீலாவதி கொடுத்த சிறுநீரகம். ஆஸ்பத்திரியில் இருந்தபடியே ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார். தமிழ்நாட்டின் பட்டிதொட்டியெல்லாம் "கிட்னி" என்ற சொல் நுழைந்தது அப்போதுதான் என்று எங்க வீட்டுப் பெரியவங்க சொல்வாங்க. இந்த ரெண்டு பேருக்கும் ஆன்கா வாஸ்குலைட்டிஸ் இருந்ததுன்னு நான் சொல்லலை, தயவுசெஞ்சு வாட்ஸ்அப்பில் அப்படிப் போட்டுடாதீங்க. நான் சொல்வது வேறு. அறுபது எழுபது வயதிலும் சிறுநீரகத்துக்கு வைத்தியம் பார்த்தால் ஒரு மனிதர் கட்சி நடத்தலாம், ஆட்சி நடத்தலாம்னு இந்த நாடு அப்போதே கண்ணால் பார்த்துவிட்டது. கரிசல் காட்டுச் சம்சாரிக்கு மட்டும் அது ஏன் பொருந்தாமல் போச்சு?

எம்.கே. மணி பிறகு சென்னைக்கு வந்தார். அவர் செய்ததில் எனக்கு ரொம்பப் பிடிச்சது பெரிய ஆஸ்பத்திரி வேலை இல்லை. 1990களின் பிற்பகுதியில் சென்னைக்கு அருகிலுள்ள கிராமங்களில் அவருடைய அறக்கட்டளை ஒரு வேலையைத் தொடங்கியது. அந்தந்த ஊரிலேயே படித்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்ப்பது, சிறுநீரில் ஒரு அமிலத்துளி விட்டுக் கலங்குதான்னு பார்ப்பது. கலங்கினால் புரதம். பிரைட்டின் கரண்டி 170 வருஷம் கழித்து செங்கல்பட்டுச் சீமைக்கு வந்துசேர்ந்த மாதிரிதான். அது சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான திட்டம், ஆனால் ஆன்கா நோயும் முதலில் எட்டிப்பார்ப்பது இதே சிறுநீர்ப் பாட்டிலில்தான்.

இந்த இடத்தில் எங்க குடும்பக் கதை ஒன்றைச் சொல்லணும். எங்க அம்மா வழியில் ஒரு பெரிய தாத்தா, ஓட்டப்பிடாரத்துக்கு மேற்கே ஒரு கிராமம், 74 வயசு. நான் மேலே சொன்ன எல்லாத் தொந்தரவும் அவருக்கு இருந்தது. பக்கத்து டவுனில் ஒரு கிளினிக்கில் ரெண்டு மாசம் வலி ஊசியும் மாத்திரையும் போட்டாங்க. அந்த வலி மாத்திரைகளே சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது தனிக் கொடுமை. பிறகு இருமலில் ரத்தம் வந்தது. உடனே டிபி என்றாங்க. சளியில் டிபி கிருமி இல்லை, இருந்தாலும் டிபி மாத்திரையைத் தொடங்கியாச்சு. நம்ம நாட்டில் இந்த நோயாளிகள் நிறையப் பேர் கடந்துவருகிற பாதை இது. மருத்துவர்களை முழுசா குற்றம் சொல்ல முடியாது. எடை குறைவு, காய்ச்சல், ரத்தம், எக்ஸ்ரேயில் நிழல் என்றால் இந்தியாவில் நூற்றுக்குப் பெரும்பாலும் அது டிபியாகத்தான் இருக்கும்.

மதுரையில் ஒரு சிறுநீரக மருத்துவரிடம் போனபோது கிரியேட்டினின் 4.6. அவர் முதலில் கேட்டது பழைய ரிப்போர்ட். மாமா வெறுங்கையை விரித்தார். அப்போ ஆச்சிதான் சொன்னாங்க, போன வருஷம் கண் ஆபரேஷனுக்கு முன்னாடி ரத்தம் எடுத்தாங்களே, அந்த மஞ்சப்பை பீரோவில்தான் இருக்குன்னு. போனில் படம் பிடித்து அனுப்பச் சொன்னோம். கிரியேட்டினின் 1.1. அந்த ஒரு எண்தான் எல்லாத்தையும் திருப்பிப்போட்டது. ஒரு வருஷத்தில் இப்படி ஏறுவது வயசு இல்லை. ஸ்கேனில் சிறுநீரகம் சுருங்காமல் சரியான அளவில் இருந்தது. பல வருஷம் கெட்ட சிறுநீரகம் பெரும்பாலும் சுருங்கியிருக்கும். இது புதுசா அடிபட்டது. சிறுநீரை நுண்ணோக்கியில் பார்த்தபோது சிவப்பணுக்கள் குழாய் வடிவத்தில் அச்சுவார்த்த மாதிரி கிடந்தன. அப்படியென்றால் ரத்தம் கசிவது வடிகட்டியிலிருந்தேதான்.

ஆன்காவுக்கு ரத்தம் அனுப்பி, ரிசல்ட் வர்றதுக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசியைத் தொடங்கிட்டார். காத்திருந்தால் பிறைகள் தழும்பாகும் என்பது அவர் கணக்கு. அடுத்து பயாப்ஸி. முதுகுப் பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் நூலிழை அளவு திசு எடுப்பது. வீட்டில் பெரிய வாக்குவாதமே நடந்தது. "இந்த வயசுல கிட்னியில குத்தணுமாய்யா?" என்று ஆச்சி. தாத்தாவோ, "எய்யா, ஊசியெல்லாம் வேண்டாம்யா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு" என்றார். மருத்துவர் கட்டிலில் உட்கார்ந்து, "பெரியவரே, எத்தனை வடிகட்டி உயிரோட இருக்குன்னு தெரிஞ்சாத்தான் எவ்வளவு வீரியமா மருந்து கொடுக்கணும்னு முடிவெடுக்க முடியும். கொஞ்சந்தான் மிச்சம்னா உங்களக் கஷ்டப்படுத்த மாட்டேன்" என்றார். எனக்கு அந்தப் பதில் இன்னும் மறக்கலை. வயசைப் பார்த்து முடிவெடுக்காமல் திசுவைப் பார்த்து முடிவெடுக்கிறேன் என்றார் அவர். பாதிக்கு மேல் வடிகட்டிகள் தப்பியிருந்தன. ஆன்கா, எம்.பி.ஓ. வகை, பாசிட்டிவ்.

ஆன்கா பரிசோதனையைப் பற்றி ஒரு சின்னத் தகவல், எனக்குப் பிடிச்சது. ஆரோக்கியமான ஒருவரின் வெள்ளணுக்களைக் கண்ணாடியில் வைத்து, நோயாளியின் ரத்தநீரை ஊற்றி, ஒளிரும் சாயம் போட்டுப் பார்ப்பார்கள். ஒரு வகையில் அணு முழுக்க ஒளிரும். இன்னொரு வகையில் நடுக்கருவைச் சுற்றி மட்டும் ஒளிரும். ரெண்டாவது உண்மையில் ஒரு மாயை. அணுக்களை ஆல்கஹாலில் பதப்படுத்தும்போது அந்தப் புரதம் நகர்ந்து கருவைச் சுற்றி ஒட்டிக்கொள்வதால் அப்படித் தெரியுது. அதனால் இப்போ ஒளியை மட்டும் நம்பாமல் பி.ஆர்.3, எம்.பி.ஓ. என்ற ரெண்டு புரதங்களுக்கும் நேரடியாகவே பரிசோதிக்கிறாங்க. பாசிட்டிவ் வந்தாலும் நோய் உறுதியில்லை. டிபி போன்ற தொற்றுகளிலும் சில மருந்துகளாலும் வரலாம். கல்குவாரி, கிரஷர் தூசியில் இருக்கிற சிலிக்காவுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பிருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுது. அதனால் "என்ன வேலை பார்த்தீங்க?" என்பது நல்ல மருத்துவரின் கேள்விகளில் ஒன்று.

சிகிச்சையில் வயசு எங்கே வருது? தொடங்கலாமா என்பதில் இல்லை, எவ்வளவு என்பதில். வயசானவர்களுக்கு இந்த வைத்தியத்தின் முதல் வருஷத்தில் நோயைவிடத் தொற்றுதான் அதிகம் ஆளைக் கொண்டுபோகுது. அதனால் சைக்ளோபாஸ்பமைடு ஊசியின் அளவை அறுபது தாண்டினால் ஒரு படி, எழுபது தாண்டினால் இன்னொரு படி குறைப்பாங்க; கிரியேட்டினின் ஏறியிருந்தால் இன்னும் குறைப்பாங்க. 2003இல் வந்த ஓர் ஐரோப்பிய ஆய்வுக்குப் பிறகு, மூணு முதல் ஆறு மாசத்தில் நோய் அடங்கியதும் அதை நிறுத்தி அசத்தியோப்ரின் என்ற சாதுவான மாத்திரைக்கு மாறிடலாம்னு ஆச்சு. 2010இல் ரிடுக்சிமாப் என்ற ஊசியும் சைக்ளோபாஸ்பமைடுக்குச் சமமா வேலை செய்யுதுன்னு ரெண்டு ஆய்வுகள் காட்டின. அதன் விலை ஒரு காலத்தில் நம்மைத் தொடவிடாது. ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டிஸ் 2007இலேயே அதன் இந்தியப் பதிப்பைக் கொண்டுவந்தது பெரிய விஷயம். உலகிலேயே அந்த மருந்துக்கு வந்த முதல் மாற்றுப் பதிப்பு அது.

2020இல் வந்த பெக்சிவாஸ் ஆய்வை நான் தனியா சொல்லணும். 704 நோயாளிகள், சராசரி வயசு அறுபதுக்கு மேல். ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றுகிற செலவுமிக்க சிகிச்சையால் சாவோ நிரந்தரச் சிறுநீரகச் செயலிழப்போ குறையலைன்னு அதில் தெரிந்தது. கூடவே, ஸ்டீராய்டை வழக்கத்தில் ஏறக்குறைய பாதி அளவே கொடுத்தவர்களுக்கும் பலன் குறையலை, கடுமையான தொற்று குறைந்தது. குறைவான மருந்து போதும் என்று நிரூபிக்க யாரும் விளம்பரம் கொடுக்க மாட்டாங்க. நம்ம ஊர்ப் பெரியவர்களுக்கு இதைவிட உபயோகமான கண்டுபிடிப்பு அந்த வருஷம் வேறெதுவும் இல்லை என்பேன். 2021இல் ஸ்டீராய்டுக்குப் பதிலாக அவகோபான் என்ற மாத்திரையும் வந்தது. விலை இப்போதைக்கு எட்டாக்கனி.

தாத்தா கதையின் மிச்சம். டயாலிசிஸ் மூணு முறை, அதோட நின்றது. ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறி, கொஞ்ச நாள் இன்சுலின். நாலாவது மாசம் அக்கி வந்து படாத பாடு. நுரையீரல் தொற்று வராமலிருக்க ஒரு மாத்திரை, எலும்புக்கு ஒரு மாத்திரை, எல்லாம் ஆச்சி பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் மூடியில் எண்ணி வைப்பாங்க. கிரியேட்டினின் 2.3இல் நின்றது. முழுசா சரியாகலை, காட்டுக்குப் போய் வேலை மேற்பார்வை பார்க்கிற அளவுக்கு ஆச்சு.

எல்லாருக்கும் இப்படி முடியாது. ஹாலிவுட் இயக்குநர் ஹரால்ட் ராமிஸ், "கிரவுண்ட்ஹாக் டே" எடுத்தவர், 2014இல் தன் 69ஆவது வயதில் ரத்தக்குழாய் அழற்சியின் விளைவுகளால்தான் இறந்தார். பணமும் சிகாகோ மருத்துவமும் இருந்தும். சிலருக்குப் பயாப்ஸியில் பெரும்பகுதி தழும்பாகவே இருக்கும். அங்கே மருந்தின் வீரியத்தைக் கூட்டுவது நோயாளியைத் தண்டிப்பது மாதிரி. அப்போ டயாலிசிஸ், அல்லது வலியில்லாமல் பார்த்துக்கொள்வது. அதுவும் வைத்தியம்தான். தமிழ்நாட்டில் அரசு காப்பீட்டில் டயாலிசிஸ் இருக்கு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு அதற்கான பைகளைக் கொண்டுவந்து கொடுக்கிறாங்க. ஓட்டப்பிடாரத்திலிருந்து தூத்துக்குடி 30 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் வாரம் மூணு நாள் பஸ்ஸில் அந்தத் தூரம் என்றால், கூட ஒரு ஆளின் கூலியும் போச்சு. அதனால் வீட்டுக்கு வருகிற பை சின்ன விஷயமில்லை.

போன எபிசோடுக்குப் பிறகு ரெண்டு மூணு பேர், ஊரிலிருக்கிற தாத்தா பாட்டிக்கு எந்த டெஸ்ட் எடுக்கணும்னு கேட்டிருந்தீங்க. ஆன்கா டெஸ்டை எல்லாருக்கும் எடுக்காதீங்க, வீண் பயமும் வீண் செலவும். ஒரு சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை, ஒரு கிரியேட்டினின், ரெண்டும் சேர்ந்தே சில நூறு ரூபாய்தான். சிறுநீரில் புரதமும் ரத்தமும் சேர்ந்து இருந்தால், கிரியேட்டினின் பழைய எண்ணைவிட ஏறியிருந்தால், அடுத்த வாரம்னு தள்ளாமல் சிறுநீரக மருத்துவரிடம் கூட்டிட்டுப் போங்க. பீரோவில் இருக்கிற கண் ஆபரேஷன் ரிப்போர்ட்டையும் மறக்காமல் போட்டோ எடுத்து வைத்துக்கோங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.